ஒரு மனை தள்ளி

தக்காளிச் செடியைத் தொட்ட கையில் ஒரு வாசனை ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டாலும் போகாது, பச்சையாக மூக்கில் ஏறும். அதோடு அச்சு மையின் வாசனையும் சேர்ந்தால், அதுதான் எனக்கு ஆறாம் வகுப்பு. அயனம்பாக்கத்தில் எங்கள் தெருப் பெண்கள் களை எடுத்த கையைப் புடவையில் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு அதே கையால் வாரப் பத்திரிகையைப் புரட்டுவார்கள், அதனால் சுற்றிச் சுற்றிக் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும் பத்திரிகையின் ஓரமெல்லாம் மஞ்சளும் பச்சையுமாக விரல் கறை இருக்கும். "கொழம்பு வெச்ச கையோட படிக்கிறியா?" என்று அப்பா கேட்பார். அம்மா "ஆமா" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொள்வாள்.

எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாது. இந்தப் பத்தியை எழுதுவதற்குள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, பால்கனியில் நின்று, கீழே யாரோ கார் நிறுத்தத் திணறுவதை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தேன். இது அம்மாவிடமிருந்து வந்த வியாதி. என் கால் தரிக்காமல் இருப்பது ஊருக்கே தெரியும், அவள் கால் தரிக்காமல் இருந்தது வீட்டுக்குள்ளேயே கூட யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். காலை ஷிப்ட் முடிந்து மத்தியானம் வந்து, தூங்கி எழுந்து, டீ குடித்துவிட்டு, சாயங்காலம் முழுக்க வீட்டில் இருப்பார். கெட்டவர் இல்லை, குடியோ அடியோ கிடையாது. ஆனால் வாசலைத் தாண்டுகிற யாரையும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அங்க இன்னா வேலை?" வேலை இருந்தால் போகலாம். ரேஷன் கடைக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், யாராவது செத்தால் போகலாம். பக்கத்து வீட்டில் போய்ச் சற்று நேரம் பேசிவிட்டு வருவது அவர் கணக்கில் வேலையில் சேராது. அம்மாவும் அதனால் போகமாட்டாள். நாள் முழுக்க ஜன்னலுக்கு ஜன்னல் போய் நின்றுகொண்டிருப்பாள்.

அந்த வாசலைத் திறந்துவிட்டது கீரை. எதிர் வரிசையில் இருந்த ஸ்டெல்லா ஆன்ட்டியின் தம்பி மஸ்கட்டில் இருந்தார். ஏரிப் பக்கம் போகும் வழியில் அவருக்கு ஒரு மனை இருந்தது. சும்மா கிடந்தால் யாராவது ஆக்கிரமித்துவிடுவார்கள், ஏதாவது போட்டு வையுங்கள், சுத்தமாக இருந்தால் போதும் என்று அவர் போனில் சொல்ல, ஸ்டெல்லா ஆன்ட்டி கன்னியம்மாவைப் பிடித்தார். கன்னியம்மா அந்த ஊரின் பழைய குடும்பம். மனை மனையாகப் பிரித்து விற்ற அந்த நிலமே ஒரு காலத்தில் அவள் மாமனார் பயிரிட்டது. ஆள் சேர்ந்தால் வேலை சுளுவு என்று அம்மாவையும் இன்னும் சிலரையும் கூப்பிட்டார்கள். அப்பா நிறைய யோசித்தார். வீட்டுக்குக் கீரையும் காயும் வரும் என்றதும், "சரி, வெளக்கு வெக்கறதுக்குள்ள வந்துடு" என்றார். தோட்டம் இருக்கும்வரை அம்மாவுக்கு வாசல் உண்டு, அதில் அம்மாவுக்கும் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை.

முதல் நாள் மனையைத் தேடிப் போன காட்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரே வேலிக்காத்தான் புதர். மனை எண் எழுதி நட்ட கற்களைப் பாதிப் பேர் மாடு கட்டவும் குழாயடியில் குடம் வைக்கவும் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். தம்பி சொன்ன அடையாளம் பனைமரம். பனைமரத்திலிருந்து மூன்றாவது மனை. ஸ்டெல்லா ஆன்ட்டி மனைப் படத்தைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டதற்குக் கன்னியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "படமா? எங்க மாமனாரு கழனி இது. கண்ண மூடிகினு நடப்பேன் நானு. நீ படத்த வெச்சிகினு பல்லு குத்து" என்றாள். பனைமரத்திலிருந்து எட்டி வைத்து நடந்தாள். "இதான்" என்று காலால் தரையை உதைத்தாள். அதற்கு மேல் யார் பேசுவது?

தெரு ஆண்கள் அவர்களுக்குக் "கொத்தவரங்கா சங்கம்" என்று பெயர் வைத்தார்கள். கிண்டல்தான், ஆனால் கொத்தவரங்காய் கிலோக் கணக்கில் காய்த்தபோது அவர்களேதான் வாங்கிச் சாப்பிட்டார்கள். சங்கத்தில் ஒரு முறை இருந்தது. ஒருவர் பத்திரிகையிலிருந்து தொடர்கதையைச் சத்தமாகப் படிக்க வேண்டும், படிக்கிறவருக்கு அன்று களை எடுப்பதிலிருந்து விடுதலை. ஸ்டெல்லா ஆன்ட்டி படித்தால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் கொடுப்பார், வில்லன் பேசினால் கன்னியம்மா "கட்டைல போறவன்" என்று மண்வெட்டியைத் தூக்குவாள். கதை சப்பென்று இருக்கிற வாரம் பாத்தி பளிச்சென்று இருக்கும். கதை நன்றாக இருந்தால் களை பிழைத்தது. அம்மா முதலில் படிக்க வெட்கப்பட்டாள், பிறகு அவளிடமிருந்து பத்திரிகையைப் பிடுங்க வேண்டியதாயிற்று. வீட்டில் "ஆமா", "இல்ல" தவிர எதுவும் பேசாத என் அம்மா, அங்கே அரண்மனை ராணி மாதிரி அழுது புலம்பி ஆணையிடுவதைக் கேட்டு நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறேன்.

ஊர் சுற்றலும் உண்டு. அதற்கும் தோட்டம்தான் சாக்கு. "ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லிக்கீறாங்க. தேடின்னுதானே சொல்லிக்கீறாங்க? ஊட்ல குந்திகினு தேடுனா கெடைக்குமா?" என்பாள் கன்னியம்மா. விதை தேடிப் பூந்தமல்லிக்குப் போவார்கள், அங்கே விதை வாங்கியதும் வேறு பஸ் பிடித்துத் திருவேற்காடு அம்மனைப் பார்த்துவிட்டு, ஸ்டெல்லா ஆன்ட்டி கோயிலுக்கு வெளியே எல்லார் செருப்பையும் காவல் காக்க, பொங்கலை அவருக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு வருவார்கள். ஒரு முறை நாற்று வாங்கப் போன கோஷ்டி மெரினாவில் நின்றது. என் பாவாடை மடிப்பிலிருந்து வீட்டில் மணல் கொட்டியபோது அப்பா குனிந்து பார்த்தார். "செடிக்குக் கலக்கறதுக்கு மணல் எடுத்தோம்" என்றாள் அம்மா, கண் இமைக்காமல். நான் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். ஆனால் சொல்லத்தான் வேண்டும், அவள் அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை.

இரண்டாவது வருஷம் அவரைப் பந்தல் முழுக்கப் பூத்திருந்த நேரம். ஒரு சனிக்கிழமை காலை, ஒரு கார் வந்து நின்றது. வில்லிவாக்கத்திலிருந்து ஒரு பேங்க் அதிகாரியும் அவர் மனைவியும் இறங்கினார்கள், தட்டில் தேங்காய் பழத்தோடு. பின்னால் கொத்தனார், கயிறும் சுண்ணாம்புமாக. விஷயம் தெருவுக்குப் பரவி, அம்மாவும் மற்றவர்களும் போட்டது போட்டபடி ஓடினார்கள். நான் அவர்களுக்கு முன்னால் ஓடினேன்.

"இன்னா சாரே, எங்க தோட்டத்துல வந்து கவுறு கட்டினுகீற?" என்று கன்னியம்மா பந்தலுக்கு முன் நின்றுவிட்டாள்.

அந்த மனிதர் சத்தம் போடவில்லை. மனைப் படத்தை எடுத்துக் காட்டினார். கன்னியம்மா அதைப் பார்க்கவே மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குள் கொத்தனார் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டே வந்து, பந்தல் காலுக்குப் பக்கத்தில் கடப்பாரையால் தட்டினார். டங் என்றது. மண்ணை விலக்கினால் கல், கல்லில் மனை எண். பேங்க்காரருடைய எண்.

விஷயம் இதுதான். அந்தக் கழனி ஓரம் முன்பு இரண்டு பனைகள் நின்றன. ரோடு போட்டபோது ஒன்றை வெட்டிவிட்டார்கள். தம்பி மனை வாங்கின காலத்தில் அவர் எண்ணியது வெட்டுப்பட்ட மரத்திலிருந்து, கன்னியம்மா எண்ணியது நின்ற மரத்திலிருந்து. எல்லாம் ஒரு மனை தள்ளிப் போயிருந்தது. கழனியாக இருந்தால் அவளை யாரும் ஏமாற்றியிருக்க முடியாது. மனையாக அவள் அதைப் பார்த்ததே இல்லை.

"அப்போ... என் தம்பி எடம் எது?" என்றார் ஸ்டெல்லா ஆன்ட்டி.

எல்லார் தலையும் பக்கத்து மனைக்குத் திரும்பியது. இரண்டு வருஷமாகத் தோட்டத்தில் பிடுங்கிய முள், வேர், கல், ஓட்டுச்சில்லு எல்லாவற்றையும் நாங்கள் கொட்டிய இடம் அது. நாங்கள் கொட்டுவதைப் பார்த்து ஊரே கொட்டியது. உடைந்த சிங்க், பழைய மெத்தை, ஒரு ஸ்கூட்டரின் பாதி. மேலே எருமை ஒன்று படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. "ஐயோ கர்த்தாவே" என்று ஸ்டெல்லா ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டார். முதலில் சிரித்தது பேங்க்காரரின் மனைவிதான். சிரித்துவிட்டு, கத்தரிக்காய் நன்றாக இருக்கிறதே, பறித்துக்கொள்ளலாமா என்று கேட்டார், அவருடைய சொந்த மண்ணில் காய்த்ததை. வேலை ஆரம்பிக்கும்வரை இருப்பதைப் பறித்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு வீடு தாங்கவில்லை. கன்னியம்மா அவமானத்தில் தெருப் பக்கமே வரவில்லை. அம்மா துலக்கின பாத்திரத்தைத் திரும்பத் துலக்கினாள். மளிகை டப்பாக்களை ஒரு நாள் உயரப்படி அடுக்கினாள், மறுநாள் எதையோ தேடுகிற மாதிரி எல்லாவற்றையும் கீழே இறக்கினாள். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் கையைப் பிசைந்துகொண்டு என்னை எதற்காவது திட்டுவாள். அப்பாவுக்கோ நிம்மதி. "நல்லதாப் போச்சு, உனக்கும் அலைச்சல் இல்ல" என்று உண்மையான பரிவோடுதான் சொன்னார். அந்தப் பரிவைக் கேட்டபோதுதான் எனக்கு அவர்மேல் முதன்முதலாகப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்படியே எத்தனை நாள் போயிற்றோ. ஒரு சாயங்காலம் அம்மா அப்பாவுக்கு டீயைக் கொடுத்துவிட்டு, உள்ளே போய் வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

"எங்க?" என்றார் அப்பா.

"தோட்டத்துக்கு."

"எந்தத் தோட்டம்? அங்கதான் கடக்கால் தோண்டி கம்பி கட்டிட்டானே."

அம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். நிமிராமலேயே சொன்னாள்: "நான் தோட்டத்துக்காகவா போனேன்? அவங்களோட இருக்கத்தான் போனேன். கீரை கூட வந்துச்சு, அவ்ளோதான்."

"அப்ப இத்தினி நாளா..."

"ஆமா. பீச்சுக்கும் போனோம்."

அவள் போய்விட்டாள். அப்பா டீ டம்ளரோடு என்னைப் பார்த்தார். நான் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டேன், அப்புறம் இருப்புக் கொள்ளாமல் அவள் பின்னாலேயே ஓடிவிட்டேன். அம்மா நேராகக் கன்னியம்மா வீட்டுக்குப் போய் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். தம்பி லீவில் வருவதற்குள் அந்தக் குப்பை மேட்டை வழித்தாக வேண்டுமே. முதலில் எருமையை எழுப்ப வேண்டியிருந்தது. ஸ்டெல்லா ஆன்ட்டி பாதி ஸ்கூட்டரின்மேல் உட்கார்ந்து, விட்ட அத்தியாயங்களையெல்லாம் சேர்த்துப் படித்தார். அப்பா சில நாள் "உங்கம்மாவ சோறு போடச் சொல்லு" என்று என் வழியாகவே பேசினார். அம்மா போட்டாள். போட்டுவிட்டு ஐந்து மணிக்குப் போனாள். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

இப்போது அங்கே ஒரு வெற்று மனை கிடையாது. தம்பி மனையிலும் மூன்று மாடி எழும்பிவிட்டது, மிச்சமிருந்த பனையும் போய்விட்டது, கன்னியம்மா முட்டிவலியோடு மகள் வீட்டில் இருக்கிறாள். அந்தப் பத்திரிகையை வாங்குகிற வீடு தெருவில் இல்லை. நான் வானகரத்தில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறேன். செடிக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப், புத்தகத்துக்கு ஒன்று, ஊர் சுற்ற ஒன்று என்று போன் நாள் முழுக்கத் துடிக்கிறது, யாரும் சோபாவை விட்டு எழுந்திருப்பதில்லை. என்னை எங்கே போகிறாய் என்று கேட்க ஆளில்லை. நானும் எங்கும் போவதில்லை. இதை நினைத்தால் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

போன மாதம் அயனம்பாக்கம் போயிருந்தேன். அப்பா ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகின்றன. பேப்பரை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். ஐந்து மணிக்கு அம்மா கிளம்பினாள். ஸ்டெல்லா ஆன்ட்டியும் புதிதாகக் குடிவந்த சில பெண்களும் இப்போது ஏரிக்கரையில் கூடுகிறார்கள். அப்பா கேட் வரை கூடவே போனார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "நானும் வரட்டா?" என்றார்.

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். கோபமில்லை, கிண்டலும் இல்லை, நிஜமாகவே யோசித்தாள்.

"அவங்கள ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பா கேட்டைச் சாத்தவில்லை. அவள் திரும்பி வரும்வரை வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.