குழாய்க்கார அத்தானின் குத்தல் ஸ்தோத்திரம்

என் மூத்த அத்தை மகளைக் கட்டியவருக்குக் குழாய் வேலை. எனக்கு அவள் அக்காள், அவர் அத்தான் முறை. தெருவிலே புகார்ப்பெட்டி என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். மழை பெய்தால் நனைகிறது என்பார், விட்டால் புழுங்குகிறது என்பார். அவரோடு கூட்டாகத் தொழில் செய்தது அவருடைய தம்பி. வாயைத் திறக்காத மனுஷன். வேலையில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது.

ஒரு மாடிவீட்டில் அத்தான் பொருத்திய வெந்நீர்க் குழாய் இணைப்பைத் தம்பி கழற்றி, வீட்டுக்காரர் முன்னாலேயே, "அண்ணன் அவசரத்துல கசிவுக்கு டேப் சுத்தாம முறுக்கிட்டாரு, ஒழுகும்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த அத்தான் கூட்டை முறித்தார்; பத்து மாதம் தம்பியோடு பேசவில்லை. தூக்கமும் அவர் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. படுத்தால் அந்த வார்த்தை காதுக்குள் சொட்டுச் சொட்டாக விழுகிறதாம். ஊர்க் குழாயை எல்லாம் அடைத்தவருக்கு அதை அடைக்கத் தெரியவில்லை. மாத்திரைக்கும் மசியவில்லை. கண் சிவந்து, ஸ்பேனர் பிடிக்க முடியாமல் போனபோது அக்காள் அவரைப் போதகரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

போதகர் வைத்தியம் சொன்னார். ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் வாராவாரம் எழுந்து, தம்பிக்காக ஆண்டவருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். ஒன்றே ஒன்று போதும்.

அத்தானுக்கு வாயெல்லாம் பல். அதே சபையின் மூன்றாவது வரிசையில் தப்பிக்க வழியில்லாமல் தம்பி உட்கார்ந்திருப்பார் அல்லவா?

முதல் வாரம் எழுந்தார். "என் தம்பியைத் தனியாப் போக வச்ச ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இப்பல்லாம் வச்ச எடத்துல ஸ்பேனர் இருக்கு."

சபை குலுங்கியது. அடுத்த வாரம், குழாயில் மோதினாலும் குழாய்தான் நசுங்கும்படி தம்பிக்குத் தலை கொடுத்ததற்காக நன்றி சொன்னார். பின்வரிசைக்காரர்கள் நேரத்தோடு வந்து முன்வரிசை பிடித்தார்கள். போதகர் கூரையைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தார். தூக்கம் மட்டும் வரவில்லை.

"மருந்தைத் துப்பிட்டு நோய் போகலைன்னா எப்படி?" என்றாள் அக்காள்.

ஆறாவது வாரம் சரக்குத் தீர்ந்தது. யார் வீட்டிலோ தொட்டிக்கடியில் மல்லாந்து கிடந்தபடி, அடுத்த குத்தலுக்காக அந்தப் பழைய இணைப்பையே மனசுக்குள் திரும்பவும் கழற்றிப் பார்த்தார். கீழ் அறையில் யார் இருந்தது? வீட்டுக்காரரின் தாயார், படுத்த படுக்கையாக. கட்டிலுக்கு நேர் மேலேதான் குழாய் போனது. அத்தானின் கை அப்படியே நின்றது. முகத்தில் தண்ணீர் சொட்டுவதுகூடத் தெரியவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்தார். எல்லோரும் சிரிப்பைத் தயாராக வைத்திருந்தார்கள்.

"அன்னைக்கு என் தம்பி அந்த இணைப்பைக் கழட்டினதுக்கு ஸ்தோத்திரம். நான் டேப் சுத்தலை. கீழ ஒரு அம்மா எந்திரிக்க முடியாம படுத்திருந்தாங்க. மேல கொதிக்கிற தண்ணி." மூன்றாவது வரிசையைப் பார்த்தார். "அவனை எனக்குத் தம்பியாக் குடுத்ததுக்கும்."

திறந்த வாய்கள் மூடிக்கொண்டன.

பிரசங்கம் தொடங்கி இரண்டாவது வாக்கியத்திலேயே குறட்டை கிளம்பியது. அக்காள் முழங்கையை ஓங்கினாள். அதற்குள் தம்பி எழுந்து வந்து அண்ணனின் மறுபக்கம் உட்கார்ந்தார்.

"எழுப்பாதீங்க அண்ணி. போதகர் அய்யா அடுத்த வாரமும் பேசுவாரு."

போதகர் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும்; குரலைத் தாழ்த்திக்கொண்டார். அத்தானின் தலை மெல்லச் சரிந்து தம்பியின் தோளில் சாய்ந்தது. முடியும்வரை தம்பி அசையவில்லை. அன்றைக்கென்று பார்த்து, நீளமான பிரசங்கம்.