கூட்டிப் போட்ட நூறு அடி

வில்லரேயில் எங்கள் வீட்டு மணிக்கூடு எப்போதும் பத்து நிமிடம் முன்னால் ஓடும். பிள்ளையைக் காலையில் கார்டரி என்கிற பிள்ளைகள் காப்பகத்துக்குக் கொண்டுபோய் விடப் பிந்தக் கூடாது என்று மனைவி அப்படி வைத்திருந்தாள். பார்த்ததும் பத்தைக் கழித்துவிட எங்கள் கண் பழகியிருந்தது. அந்தப் பழக்கத்தை ஆகாயத்துக்கும் கொண்டுபோன புத்திசாலி நான்.

பறக்கப் பழகிய இடத்தில் சிநேகமான யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரும் நானும் சேர்ந்து சின்ன விமானம் ஒன்றை வாடகைக்கு எடுப்போம். முகிலுக்குள் ஓட்டும் அனுமதி இருவருக்கும் இருந்தது. நான் ஓட்டினால் அவர் பக்கத்தில் இருந்து திரையில் எண்களைப் பதிவார். அதில் ஒன்று உயிர் சம்பந்தப்பட்டது. இறங்கும்போது அந்த உயரம் வந்தும் ஓடுபாதை கண்ணில் படாவிட்டால் உடனே மேலே ஏறிவிட வேண்டும். அதைத் தொட்டதும் "மினிமம்ஸ்" என்று கருவிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் எச்சரிக்கும்.

ஒருநாள், அந்தத் தளத்தில் இறங்கும் முறை அச்சிட்ட தாளில் எழுநூறு அடி என்றிருந்தது, திரையில் எண்ணூறு. அடுத்த முறையும் அதே நூறு கூடுதல். இந்த மனிதர் என் கையை நம்பவில்லை, அதுவும் களவாக நம்பவில்லை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய் திறந்து கேட்டிருக்கலாம். ரோசம் விடவில்லை. அவர் பதிவதை ஓரக்கண்ணால் பார்ப்பதும் மனதுக்குள் நூறைக் கழிப்பதுமாகப் பல தடவை பறந்தேன். அவரும் என்னை ஓரக்கண்ணால் பார்க்கிறாரோ என்று இடைக்கிடை தோன்றும்.

ஓர் இலையுதிர் காலத்தில் வடக்கே, பழக்கமில்லாத சின்ன விமானத்தளம் ஒன்றில் இறங்கப் போனோம். தாள் அவர் மடியில் இருந்தது. திரையில் எழுநூறு. அப்படியென்றால் உண்மையில் அறுநூறு என்று முடிவு கட்டிவிட்டேன். பெண்குரல் எச்சரித்தது. வெளியே வெறும் வெள்ளை. நான் இன்னும் கீழே இறக்கினேன்.

"எங்க போறாய்? ஏத்து, ஏத்து!"

முகில் விலகிய இடத்தில் மரத்தலைகள் தெரிந்தன. கிளை கிளையாகத் தெரிந்தன. முழு வேகம் கொடுத்து மூக்கைத் தூக்கினேன். மேலே வந்து மட்டமான பிறகுதான் அவர் பக்கம் திரும்பினேன்.

"நூறு கூட்டிப் போட்டிருப்பியள் எண்டு நினைச்சன்."

"நீ கழிக்கிறாய் எண்டு எனக்கு எப்பவோ சந்தேகம். பேந்து கூட்டி என்ன பிரயோசனம்? இண்டைக்கு உள்ளபடி போட்டனான்."

"சொல்லியிருக்கலாமே, அண்ணை."

"நீ கேட்டனியே?"

அங்கே இறங்காமலே திரும்பிவிட்டோம். வீட்டுக்கு வந்ததும் கதிரையில் ஏறி மணிக்கூட்டைச் சரியான நேரத்துக்குத் திருப்பினேன். பயம் இன்னும் போகவில்லை, யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பிந்திப் போய்க் கார்டரியில் பேச்சு வாங்கிய மனைவி, பின்னேரம் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"ஆரைக் கேட்டு மணிக்கூட்டை மாத்தினனீங்கள்? இன்னும் பத்து நிமிசம் கிடக்கு எண்டெல்லோ நான் நம்பியிருந்தனான்!"

இனி எண்ணை வாய்விட்டுச் சொல்லி, கேட்டுத்தான் பதிவது என்று சொல்ல அண்ணைக்குப் போன் எடுத்தேன்.