குட்டை உமிரி

நெய்வேலி குவார்ட்டர்ஸில் எங்கள் மேல்வீட்டுக்காரர் கல்லூரியில் தாவரவியல் சொல்லித்தந்தவர். ஒட்டடைக்குச்சி போல உயரம், எப்போதும் நெற்றிக்கு மேல் ஏற்றிய கண்ணாடி. கடலோர உப்புச் சேற்றில் முளைக்கும் உமிரிக்கீரையை மொட்டைமாடியில் இரண்டு வரிசைத் தொட்டிகளில் வளர்த்தார். ஒரு வரிசைச் சேற்றில் மட்டும் ஆராய்ச்சிக்காக ஈயம் கலந்திருந்தார். காலையில் இரண்டு வரிசைக்கும் வணக்கம் சொல்வார்.

அவர் ஒட்டிய எச்சரிக்கைச் சீட்டை ஒருநாள் மழை அடித்துச் சென்றிருந்தது. பரங்கிப்பேட்டையில் உமிரி தின்று வளர்ந்த என் மனைவி ஆசையாகப் பறித்துவந்து பொரியல் செய்தாள். தொட்டிகள் மொட்டையாகக் கிடந்ததைப் பார்த்த மனிதர் மூச்சிரைக்க ஓடிவந்து அடுப்பை அணைத்தார்.

"யாரும் சாப்பிடலையே? அதுல ஈயம் இருக்குங்க!"

"ஐயோ, தெரியாது சார். அந்த வரிசை குட்டையா இருந்துச்சா, இளசுன்னு நெனச்சிக்கினு பறிச்சிட்டேன்."

அவர் முகம் மலர்ந்தது. "குட்டையாவா? உங்க கண்ணுக்கே தெரிஞ்சுதா? அந்த ஈயம்தாங்க அதை வளர விடலை!"

ஆராய்ச்சி பாழானதற்கு அவர் வருந்தவே இல்லை. பொரியலை வாணலியோடு அப்புறப்படுத்திவிட்டு, நல்ல வரிசையைத் தானே கிள்ளிவந்து சமைக்கக் கொடுத்தார். எங்களோடு உட்கார்ந்து இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"இவ்ளோ ருசியா இருக்கும்னு தெரியாம போச்சே!" என்றார்.

அத்தனை காலம் வளர்த்தவர் ஓர் இலையைக்கூட வாயில் வைத்துப் பார்த்ததில்லை என்பதை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை.