டம்ளர் தட்டினால் பக்கம் திருப்பணும்

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. சாப்பாட்டு வேளையில் நாங்களெல்லாம் காலை நீட்டிக்கொண்டு வம்பளக்கும்போது, அவள் மட்டும் துணி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மடித்த போர்வைகள் சுவர் முழுக்க இருப்பதால் அங்கே மெஷின் இரைச்சல் அவ்வளவாகக் கேட்காது. "குட்டி வாத்து குளத்தைத் தேடிப் போச்சாம்!" என்று போனை வாயருகே வைத்துக்கொண்டு அவள் வாசிப்பதைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும்.

எல்லாம் அவள் மகளுக்காக. பாலர் வகுப்பில் அந்தக் குழந்தைக்குப் புத்தகத்தை எப்படிப் பிடிப்பதென்றே தெரியவில்லையாம். "தினமும் வாசிச்சுக் காட்டுங்கம்மா, எழுத்து மேல விரல் வெச்சுப் பார்க்கட்டும். இல்லேன்னா ரொம்பப் பின்தங்கிடுவா" என்று டீச்சர் சொல்லிவிட்டார். ரேடியோவோ இரண்டு ஷிப்ட் பார்ப்பவள். வீட்டில் புத்தகத்தை விரித்தால் இரண்டாம் வரியிலேயே தலை தொங்கிவிடும். அதனால் புத்தகத்தைப் பிள்ளைக்கு விட்டுவிட்டு, கதையைத் தாளில் எழுதி எடுத்து வந்து போனில் பதிந்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனாருக்கு அனுப்புவாள். பக்கம் முடிந்ததும் கரண்டியால் டம்ளரில் ஒரு தட்டு. அதைக் கேட்டதும் பிள்ளை பக்கத்தைத் திருப்பணும்.

"உன் டம்ளர் கச்சேரியில எங்க காது கிழியுதுடி" என்று நான்தான் அதிகம் கிண்டல் செய்வேன்.

"கிழியட்டும்க்கா. என் பொண்ணும் இந்த அழுக்குப் போர்வையை அலசணுமா?"

ஒருநாள் குழாய் வெடித்து மதியமே வேலை நின்றது. டீ குடிக்க அவளோடு அவள் வீட்டுக்கு நானும் போனேன். வாசலிலேயே போனில் அவள் குரல் கேட்டது. உள்ளே பிள்ளை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. டம்ளர் சத்தம் வர, டக்கென்று பக்கம் திரும்பியது. "பார்த்தியாக்கா!" என்று என் கையைக் கிள்ளினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் பார்த்ததே இல்லை.

நெருங்கிப் போனோம். பிள்ளையின் மடியில் இருந்தது பெயிண்ட் கடையில் கொடுக்கும் வண்ண அட்டைப் புத்தகம். வெறும் கலர் கட்டங்கள்.

"கதைப் புத்தகத்தைக் கிழிச்சிடுவாளேன்னு வாங்கின அன்னைக்கே பீரோ மேல எடுத்து வெச்சிட்டேன் அண்ணி" என்றாள் நாத்தனார். "இதுலயும் சமர்த்தா திருப்புறா பாருங்க."

என்னவென்று அவளைத் திட்டுவது? காசு போட்டு வாங்கிய புத்தகத்தைப் பத்திரப்படுத்தினாள். ரேடியோ பீரோ மேலிருந்த கதைப் புத்தகத்தை எடுத்து, மகளை மடியில் இருத்தி வாசிக்கத் தொடங்கினாள். பிள்ளை எழுத்தைப் பார்க்கவில்லை. அம்மா முகத்தையே பார்த்தது. பிறகு மடியிலிருந்து நழுவி இறங்கியது.

"நீ வேணாம். நீ தூங்கிடுவே. போன் அம்மா தூங்கவே மாட்டாங்க."

ரேடியோ புத்தகத்தை மூடிவிட்டு, எனக்கு டீ போடப் போனாள்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் மறுபடியும் அந்த அறைக்குள் போனாள். "இனி எதுக்குடி இது?" என்று மனசு கேட்காமல் பின்னாலேயே போனேன்.

"போனை விட்டா என்னை வேற எங்கேக்கா அவ தேடுறா?" என்றாள்.

வாத்துக் கதையைத் தொடங்கினாள். முதல் பக்கம் முடிந்தது. கரண்டியைப் பிடித்த கை எழும்பவே இல்லை. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கி, டம்ளரில் நான் தட்டினேன்.