லோசான் ஏரியில் வைத்த கால்

சில வருடங்களுக்கு முன், மார்கழி விடுமுறைக்கு கனடாவின் மொன்றியலில் இருந்து சுவிஸுக்கு, லோசான் நகரில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்கோ ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. அந்த ஏரிக்கரை ஊரோ சத்தமே இல்லாத ஊர். ஞாயிற்றுக்கிழமை வெற்றுப் போத்தல்களைத் தொட்டியில் போடப் போனால், "ஐயோ அக்கா, இண்டைக்குப் போடக் கூடாது, சத்தம் கேக்கும்" என்று தங்கச்சி மறிக்கிறாள். உடுப்புத் தோய்க்கவும் முறை நாள் இருக்கிறது. லிஃப்டில் எல்லோரும் 'பொன்ஜூர்' என்று வணக்கம் சொல்வார்கள், அதோடு சரி. எனக்கு விசர் பிடிக்கப் பார்த்தது.

தங்கச்சி வேலைக்குப் போன ஒரு காலையில், அவளுடைய ஒன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். கடுங்குளிர். படகுகள் கட்டியிருந்த மூலையில் தண்ணீர் உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. சற்றுத் தள்ளி, அந்தக் குளிரிலும் வயதான பெண்கள் சிலர் நீந்திக்கொண்டிருந்தார்கள். இதுகளுக்குத் தலை சுகமில்லையோ என்று நினைத்தேன்.

ஐஸைக் கண்டதும் எனக்கு மொன்றியல் குணம் வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள ஏரியில் தை மாதம் ஆட்கள் கொட்டில் போட்டு, ஐஸில் துளையிட்டு மீன் பிடிப்பார்கள். வாகனமும் ஓடும். வருடக்கணக்காக அதில் நடந்தவள் நான்.

"வாம்மா, இதுக்கு மேல நடப்பம். நீ முன்னுக்குப் போ, நான் படம் எடுக்கிறன்" என்றேன்.

பிள்ளை அசையவில்லை. "அம்மா கூடாதெண்டு சொன்னவ."

"அம்மாக்கு என்ன தெரியும்? பெரியம்மா சொல்றன், போ!"

"நீங்க முதல்ல போங்கோ, பெரியம்மா."

சொல்வழி கேளாத பிள்ளை, இப்படியா வளர்ப்பது என்று எனக்குக் கோபம் வந்தது. நானே படியால் இறங்கிக் கால் வைத்தேன். நாலைந்து அடி போனதும் அது அப்பளம் போல நொறுங்கியது. கழுத்துவரை தண்ணீர். காலுக்குத் தரை எட்டவில்லை. மூச்சு வரவில்லை, கத்தவும் முடியவில்லை. ஜாக்கெட் கீழே இழுத்தது. கரையில் பிள்ளை வீரிட்டுக் கத்தினாள்.

நீந்திக்கொண்டிருந்த ஒருவர் திரும்பினார். எழுபது வயதிருக்கும். முழங்கையால் ஐஸை உடைத்து உடைத்து என்னிடம் வந்து, பின்னால் பிடித்துப் படிவரை தள்ளிக்கொண்டு போனார். மற்றவர்கள் இழுத்தெடுத்தார்கள். கரையில் இருந்த, தாங்கள் உடுப்பு மாற்றும் அறைக்குக் கொண்டுபோய், ஈர உடுப்பைக் கழற்றி, தங்கள் துவாய்களாலேயே என்னைச் சுற்றி, சுடச்சுடத் தேத்தண்ணீர் பருக்கினார்கள். பொன்ஜூரோடு நிறுத்துகிற சனம் என்று நான் நினைத்தவர்கள்!

எங்கிருந்து வந்தாய் என்று அந்த மனுசி பிரெஞ்சில் கேட்டார். மொன்றியல் என்றேன். "அதுதானே பார்த்தேன்!" என்று சிரித்தார். பல் கிடுகிடுக்க நானும் சிரித்தேன். பிறகு, என் கையை விடாமல் பிடித்திருந்த பிள்ளையைப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது.

மொன்றியலில் இப்போதும் உறைந்த ஏரியைக் கண்டால் என் கால் கரையிலேயே நின்றுவிடும். பிள்ளை சொல்வழி கேட்கிறதில்லை என்று யாராவது குறைப்பட்டால் நெஞ்சு திக்கென்கிறது. அவளுடைய பாரத்துக்கு அந்த ஐஸ் கரையோரத்தில் உடைந்திருக்காது. என் சொல்லைக் கேட்டு முன்னுக்குப் போயிருந்தால், என் கைக்கு எட்டாத இடத்தில்தான் உடைந்திருக்கும்.