மாமியார் எண்ணிய ஆவே

சென்ற ஆண்டு ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை, என் ஒன்றரை வயது மகளுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. கண்கள் செருகின. உதடு நீலமானது. கணவர் கடலில் இருந்தார். வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். பிள்ளை போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

மாமியார் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, "ஆவே மரியா" என்று தொடங்கும் மாதா ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்கினார்.

அந்தச் சொல்லின் மேல் எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். நான் சாயல்குடிப் பக்கத்துக்காரி. திருமணத்துக்காக ஞானஸ்நானம் பெற்றுத் தங்கச்சிமடம் வந்தவள். இங்கே படகு இறக்கினாலும் ஆவே, வலை கனத்தாலும் ஆவே. கல்யாணத்தில் பாடுவதும் அதுதான், சவத்துக்குப் பின்னால் சொல்லிப் போவதும் அதுதான். வந்த புதிதிலேயே போனில் தேடிப் பார்த்திருந்தேன். லத்தீனில் 'வாழ்க' என்று பொருளாம். ரோமர்கள் சந்திக்கும்போதும் சொல்வார்களாம், பிரியும்போதும் சொல்வார்களாம். அப்படியானால் இவர் இப்போது என் பிள்ளையை வழியனுப்புகிறாரா?

பல் கிட்டிவிடக் கூடாதென்று கரண்டிக் காம்பை அவள் வாயில் நுழைக்கப் போனேன். மாமியார் என் கையைத் தட்டிவிட்டார். அவர் விரல்கள் ஒவ்வொன்றாக மடிந்துகொண்டிருந்தன. எனக்கு ஆத்திரம். 'மாதாவே, இவர் வாயை மூடும். பிள்ளையை எனக்குத் தாரும்' என்று மனதுக்குள் கதறினேன். நான் நிஜமாகச் செய்த முதல் ஜெபம் அதுதான்.

வலிப்பு நின்றது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எவ்வளவு நேரம் இழுத்தது என்று டாக்டர் கேட்டார். அரை மணி நேரம் என்றேன். அவர் முகம் மாறியது. அப்படியானால் உடனே மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்.

"இல்லைங்கய்யா. பதினாறு ஆவே" என்றார் மாமியார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நர்ஸ் எங்கள் மீனவக் கரைக்காரப் பெண், ஆவே அவருக்கும் பழக்கம். "அதே வேகத்துல ஒண்ணு சொல்லுங்கம்மா" என்று கடிகாரத்தைப் பார்த்தார். பதினைந்து விநாடி.

"நாலு நிமிஷம், சார்."

டாக்டர் பிள்ளையை மறுபடி சோதித்தார். இங்கேயே வைத்துப் பார்க்கலாம் என்றார். வலிப்பின்போது வாயில் எதுவும் வைக்கக் கூடாது, மூச்சு அடைத்துவிடும் என்றும் சொன்னார். மதியம் மகள் விழித்து பிஸ்கட் கேட்டாள்.

மாலையில் மாமியாரிடம் கேட்டேன். "ஜெபிச்சீங்களா அத்தை, நேரம் பாத்தீங்களா?"

"எண்ணலேன்னா நானும் ஒன்ன மாதிரி அலறியிருப்பேன் தாயி. அப்புறம் புள்ளையப் பாக்க யாரு இருக்கா?"

சகோதரிகளே, இத்தகைய வலிப்பு பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும் என்றும் டாக்டர் சொன்னார். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் என் கரண்டியைத் தடுத்த கையை அங்கே வைத்தது யார்? அந்தக் கையைத்தான் நான் பகையென்று நினைத்தேன். இன்று மாமியாரோடு உட்கார்ந்து நானும் செபமாலை சொல்கிறேன். இடையில் சந்தேகம் வரும், நிறுத்துவதில்லை. உங்களுக்கும் சந்தேகம் இருந்தால், அது தீரட்டும் என்று காத்திராதீர்கள். அதையும் தூக்கிக்கொண்டே அன்னையிடம் வாருங்கள். நான் அப்படித்தான் வந்தேன். என்னை அவர் திருப்பி அனுப்பவில்லை.