நான் பறித்த செடி, அவர் போட்ட பெயர்

எங்கள் கல்லூரித் தாவரவியல் துறையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் பெண் நான். விடியற்காலை பஸ் பிடித்து ஒடுகத்தூர் போய், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மலையேறுவேன். பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்பின் கழிவு வாய்க்கால் ஓரத்திலும் மூக்கைப் பொத்திக்கொண்டு செடி தேடியிருக்கிறேன். பறித்த செடியின் தண்டில் எண் எழுதிய அட்டையைக் கட்டி, அதே எண்ணைக் குறிப்பேட்டில் பதிந்து, செய்தித்தாளுக்குள் அழுத்திக் காயவைப்பேன். காய்ந்ததைக் கெட்டித் தாளில் ஒட்டி, ஓரத்தில் ஒரு சீட்டும் ஒட்டுவார்கள். சேகரித்தவர் பெயர் அதில் இருக்க வேண்டும்.

என் செடிகளின் சீட்டில் துறைத்தலைவர் பெயர் டைப் அடித்து வந்தது. நேரே போய்க் கேட்டேன்.

"பொம்பள மலையேறி செடி எடுத்தான்னு சொன்னா எவம்மா நம்புவான்? என் பேரு இருந்தாதான் மதிப்பு" என்றார்.

அந்த மலையை ஜீப்பிலிருந்து பார்த்ததோடு சரி, அவர். ஆனால் அவர் கையெழுத்து இல்லாமல் எனக்குப் பட்டம் கிடையாது. அப்பாவோ ஆம்பூரில் தோல் ஷாப் கூலி. வாயை மூடிக்கொண்டேன். அதற்காக இன்றும் என் மேலேயே எனக்குக் கோபம்.

நான் ஓய்வு பெற்றுப் பல வருடங்களாகின்றன. போன மாதம் கல்லூரியிலிருந்து ஃபோன் வந்தது. செடி ஒட்டிய பழைய தாள்களைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றுகிறார்களாம், சரிபார்க்க வர முடியுமா என்றார் இப்போதைய தலைவர். மறுநாளே குறிப்பேட்டோடு போய் நின்றேன்.

நாற்பத்தொரு தாள்கள். சீட்டில் எல்லாம் அவர் பெயர், தண்டில் எல்லாம் என் கையெழுத்தில் எண். குறிப்பேட்டை விரித்துக் காட்டினேன்.

"இப்ப போயி இன்னா மேடம்? அவரே போய்ச் சேர்ந்துட்டாரு. எதுக்கு பேஜாரு? பழைய சீட்ட கிழிக்கக் கூடாது, ரூல்ஸ் இருக்கு."

"கிழிக்கச் சொல்லல சார். செடி பேரு தப்பா இருந்தா பக்கத்துல திருத்தச் சீட்டு ஒட்றோம் இல்ல? ஆளு பேரு தப்புன்னா மட்டும் ஏன் ஒட்டக் கூடாது?"

பசை டப்பாவைக் கேட்டு வாங்கினேன்.

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். எண், இடம், தேதி, என் முழுப்பெயர். வயதான கை, எழுத்து கோணியது. கோணட்டும் என்று விட்டேன், டைப் அடிக்க யாரிடமும் தரவில்லை.

முடித்தபோது தலைவர் தயங்கித் தயங்கி வந்தார். "படத்துல பழைய சீட்டு தெரியாம மறைச்சிடலாம் மேடம். உங்க பேரு மட்டும் தெரியும்."

செத்தவர் மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று புரிந்தது.

"வேணாம் சார், ரெண்டும் தெரியட்டும். யாரு எடுத்தா, யாரு திருடினாருன்னு பாக்கறவங்க பாத்துக்குவாங்க."